மஞ்சள் பொட்டு வைத்த நட்டு

இதைக் கதை என்று நினைப்பவர்கள் என் அத்தானை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கலாம். கீழ் வரிசையில், இடது பக்கம், ஒரு கடைவாய்ப் பல் பாதி இல்லை. எப்படி உடைந்தது என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். கேட்டால் எழுந்து போய் வாய் கொப்பளிப்பார். நடந்ததை அவர் இரண்டு பேரிடம்தான் சொன்னார். ஒருவர் என் அக்கா, இன்னொருவர் நான். அத்தானுக்கு ரீல் விடத் தெரியாது. வண்டி ரிப்பேர் பார்க்க மட்டும்தான் தெரியும்.

வீட்டுக்குப் பின்னாலேயே அவருக்குத் தகர ஷெட். அவரிடம் ஓர் அசிங்கமான பழக்கம் இருந்தது. வேலை செய்யும்போது நட்டை வாயில் போட்டுக்கொள்வார். கீழே வைத்தால் உருண்டு வண்டிக்கடியில் போய்விடுமாம். கிரீஸ் அப்பிய நட்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவர் பேசுவதைப் பார்த்தால் நமக்குச் சோறு இறங்காது. அது வாயா குப்பைத் தொட்டியா என்று அக்கா திட்டாத நாள் இல்லை. காதில் வாங்கினால்தானே.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அவசரம். மறுநாள் ஊரின் அந்தக் கோடியில் அக்காவுக்குப் புது வேலை. காலை ஷிஃப்ட். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. "திங்கக்கிழமை நீ கார்லதான் போற" என்று அத்தான் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காகவே புரோக்கர் மூலம் ஒரு பழைய கார் வாங்கினார். இரண்டு வருஷம் ஓடாமல் கிடந்த கார். எல்லாம் சரிசெய்தாயிற்று, ஒன்றே ஒன்று பாக்கி. பின்பக்க இடது சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஐந்து ஸ்டட்டில், அதாவது நட்டு மாட்டும் மரைக்கம்பிகளில், ஒன்று பாதியில் முறிந்து துருவேறியிருந்தது. அதை மாற்ற வேண்டும்.

மதியம் 2.10. ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினார். ஜாக்கி சரிந்தாலும் வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டை அடியில் வைக்கவில்லை. ஒரு சக்கரம்தானே என்ற அலட்சியம். நாலு நட்டைக் கழற்றித் தட்டில் வைத்தார். நாலிலும் மஞ்சள் பெயிண்டில் ஒரு பொட்டு. நட்டு தளர்ந்தால் பொட்டு இடம் மாறிக் காட்டிக்கொடுக்கும். யாரோ நல்ல வேலைக்காரன் என்று நினைத்துக்கொண்டார்.

சக்கரத்தை எடுத்துவிட்டு, அதற்குப் பின்னால் இருந்த பிரேக் டிரம்மைக் கழற்றினார். குப்பென்று ஒரு நாற்றம். துரு நாற்றம் இல்லை. சொத்தைப் பல்... பல நாள் தேய்க்காத வாய்... அந்த நாற்றம். எலி ஏதாவது செத்திருக்கும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு தேடினார். ஒன்றும் இல்லை. முறிந்த ஸ்டட்டைச் சுத்தியலால் அடித்தார். ஏழாவது அடியில் பின்பக்கமாகக் கழன்று விழுந்தது. துரு பொடியாக உதிரவில்லை. கொழகொழவென்று விரலில் ஒட்டியது. இழுத்தால் நூலாக நீண்டது. பேண்ட்டில் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை.

2.55. புது நட்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு, புது ஸ்டட்டைப் பின்னாலிருந்து ஓட்டையில் நுழைத்தார். முன்பக்கம் நட்டை மாட்டி இறுக்கினால் ஸ்டட் உள்ளே இழுபட்டுக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நட்டை உள்ளங்கையில் துப்பினார்.

துப்பியது புது நட்டு இல்லை.

துருப்பிடித்த பழைய நட்டு. அதிலும் மஞ்சள் பொட்டு.

தட்டைப் பார்த்தார். கழற்றிய நாலும் அப்படியே இருந்தன. இது ஐந்தாவது. அதைச் சுற்றிக் கெட்டியாக எச்சில். அத்தானின் எச்சில் இல்லை. நம் எச்சில் எது என்று நமக்குத் தெரியாதா?

உதறி எறிந்தார். மூலைக் குழாயில் பத்து நிமிடம் வாய் கொப்பளித்தார். சோப்பு போட்டுக்கூடக் கழுவினார். யாரோ மென்று துப்பியதைத் தின்ற மாதிரி அந்த ருசி நாக்குக்கு அடியிலேயே இருந்தது.

3.10. திரும்பி வந்தார். புது நட்டு வண்டிக்கு அடியில் பளபளவென்று கிடந்தது. கைக்கு எட்டாத தூரம்.

க்ளிக்...

நின்றார்.

க்ளிக்... க்ளிக்...

அது அவருக்குப் பழகிய சத்தம். வாயில் இருக்கும் நட்டு பல்லில் இடிக்கும் சத்தம். தன் வாயைத் தடவிப் பார்த்தார். வாய் காலி.

சத்தம் வண்டிக்கு அடியிலிருந்து வந்தது.

குனிந்து பார்த்தார். யாரும் இல்லை. ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் விடிந்தால் அக்கா வேலைக்குப் போக வேண்டும். கையில் வேறு புது நட்டு இல்லை. குப்புறப் படுத்து, தலையையும் தோளையும் உள்ளே விட்டார்.

3.14. விரல் நுனி நட்டைத் தொட்டது.

காதருகே மூச்சு... ஈர மூச்சு. அதே நாற்றம்.

க்ளிக்...

பிறகு ஒரு திணறல். விழுங்கவும் முடியாமல்... துப்பவும் முடியாமல்...

"யாரு?" என்று கேட்க வாயைத் திறந்தார்.

வாய்க்குள் நட்டு.

பயத்தில் கடித்துவிட்டார்.

படக்.

உடம்பைப் பின்னால் உதறி வெளியே வந்து விழுந்தார்.

ஜாக்கி சரிந்தது.

வண்டி விழுந்தது. அவர் தலை இருந்த இடத்தில்.

ரத்தத்தோடு துப்பினார். பாதிப் பல். கூடவே, மஞ்சள் பொட்டு வைத்த நட்டு. பழந்துணியால் எடுத்து ஒரு டப்பாவில் போட்டு மூடினார். சாயங்காலம் டப்பாவைத் தொட்டுப் பார்த்தார். வெளியே வரை வெதுவெதுவென்று இருந்தது. மறுநாள் காலையிலும் ஆறவில்லை.

அக்காவை அவர் பைக்கில்தான் கொண்டுபோய் விட்டார். அவர் கன்னம் வீங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு அக்கா காரைப் பற்றி வாயே திறக்கவில்லை. அங்கிருந்து அத்தான் டப்பாவோடு நேராகக் காரின் ஆர்.சி. புத்தகத்தில் இருந்த பழைய சொந்தக்காரரின் முகவரிக்குப் போனார். கதவைத் திறந்தது நடுத்தர வயதுப் பெண். ஸ்டட் எப்படி முறிந்தது என்று மட்டும் அத்தான் கேட்டார்.

அந்தம்மா உட்காரச் சொன்னார். அவர் வீட்டுக்காரரும் வண்டி வேலை பார்த்தவராம். இரண்டு வருஷத்துக்கு முன் இதே சக்கரத்தைக் கழற்றிவிட்டு அடியில் படுத்திருந்தபோது ஜாக்கி சரிந்து வண்டி அவர் மேல் விழுந்திருக்கிறது. ஸ்டட் முறிந்ததும் அப்போதுதான். அவருக்கும் நட்டை வாயில் போடும் பழக்கம். விழுந்த வேகத்தில் அது தொண்டையில் இறங்கி அடைத்து, மூச்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் அதை எடுத்து அந்தம்மா கையில் கொடுத்தார்கள். அவர் பொருள் அவரோடு போகட்டும் என்று சட்டைப் பையில் வைத்து, சேர்த்தே புதைத்துவிட்டாராம்.

அத்தான் டப்பாவைத் திறந்து காட்டினார்.

அந்தம்மா அழவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"அந்தப் பொட்டு நான் வச்சது தம்பி. அஞ்சு நட்டுக்கும் நான்தான் வச்சேன்."

டப்பாவைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"மூணு நாள் ஐஸ் பெட்டியில இருந்த உடம்பு. சில்லுனு கல்லு மாதிரி இருந்துச்சு. அந்த நட்டு மட்டும்..." சேலைத் தலைப்பால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் ஆறலையா தம்பி?"

சூட்டைப் பற்றி அத்தான் அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.