எல்லாரும் படித்த ரகசிய ஃபைல்

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு 'சந்தேகம்' என்று பெயர். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது வேலை. பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ரகம். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் டிரைவிங் லைசென்ஸையே வாங்கிச் சரிபார்த்தவள். பஸ் ஓட்டும் அந்த மனிதர் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

கூடத்தில் பதினோரு பேருக்கும் ஒரே பெரிய கம்ப்யூட்டர், ஆளுக்கொரு லாகின். ஃபைல்களைப் பூட்டிவைக்கப் பெரிய டாக்டர் ஒரு மென்பொருள் வாங்கியிருந்தார். "ராணுவமே வந்தாலும் உடைக்க முடியாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை டிஸ்க் நிரம்பிவிட, பழைய குப்பையைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தவள் கண்ணில் பூட்டிய ஃபைல்களைத் திறக்கும் அந்த மென்பொருளின் சாவி ஃபைல் பட்டது. டாக்டர் மட்டுமே படிக்க வேண்டியது. அனுமதியோ 'எல்லோரும் படிக்கலாம்' என்றிருந்தது. பூட்டு என்னவோ இரும்புதான். சாவியைத்தான் வாசலில் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள்.

சாதாரண லாகினிலும் திறக்கிறதா என்று பார்க்க வரவேற்பு மேசைக்காரரை லாகின் செய்யச் சொல்லி, அந்தச் சாவியைப் போட்டுப் பார்த்தாள். டாக்டரின் ஃபைல் ஒன்று பல்லிளித்துக்கொண்டு திறந்தது. 'ஊழியர்கள் பற்றி, ரகசியம்.' அவளுக்கு நேரே, "வாய் நீளம். வேலை சுத்தம்."

நேராக டாக்டர் அறைக்குப் போனாள்.

"சார், என் வாய் நீளம்னு எழுதியிருக்கீங்க."

டாக்டருக்கு முகம் வெளிறிவிட்டது. "அதை யார் திறந்தது?"

"யார் வேணா திறக்கலாம் சார். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அன்றைக்கே அனுமதியை மாற்றினாள். பழைய சாவியை யார் யார் நகலெடுத்தார்களோ என்று புதுச் சாவி போட்டு, எல்லா ஃபைலையும் மறுபடி பூட்டினாள். சாவியை இப்படி எல்லோருக்கும் திறந்துவைப்பதே உங்கள் மென்பொருள்தான் என்று கம்பெனிக்கும் எழுதினாள். 'அதே கம்ப்யூட்டரில் லாகின் உள்ளவர்தானே படிக்க முடியும், சிறிய விஷயம்' என்று பதில் வந்தது.

வீட்டில் உட்கார்ந்து காரமாக ஒரு கடிதம் தட்டினாள். கணவர் எட்டிப் பார்த்தார்.

"'உங்க மூளையை அடகு வெச்சுட்டீங்களா'ங்கறதை எடுத்துடு."

"ஏன்? உண்மைதானே?"

"உண்மைதான். ஆனா அதுக்கப்புறம் மிச்சத்தைப் படிக்க மாட்டான்."

எடுத்துவிட்டு அனுப்பினாள். ஒரே வீட்டில் இருப்பதால் எல்லோரும் எல்லோருடைய டைரியையும் படிக்கலாமா என்று மட்டும் கேட்டிருந்தாள். மூன்று வாரத்தில் திருத்திய பதிப்பு வந்தது. நன்றிப் பட்டியலில் அவள் பெயரை ஆண்பிள்ளைப் பெயராக்கி வைத்திருந்தார்கள்.

அந்தச் சந்தோஷத்தோடு வரவேற்பு மேசைக்குப் போனால், மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னண்ணே கோபம்?"

"போன வருஷத்துலருந்து மாசாமாசம் படிச்சிட்டிருந்தோம்மா. சத்தியமா நோயாளிங்க ரிப்போர்ட்டைத் தொட்டதில்ல. டாக்டர் நம்மளப் பத்தி எழுதற அந்த ஒரு ஃபைல் மட்டும்தான். நல்லா சிரிப்போம்."

"எல்லாருமா? எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா சரி பண்ணிடுவியே!"

அத்தனை சந்தேகப்பட்டும், பக்கத்து நாற்காலிக்காரர்களை ஒரு நாள்கூடச் சந்தேகப்படத் தோன்றவில்லையே என்று அவளுக்கு அவமானமாக இருந்தது. ஒரு வாரம் யாரும் அவளைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. தனியாகவே சாப்பிட்டாள், பதினோரு பேரின் அனுமதியையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே.