எவெலியோவின் சாம்பல் பிரைமர்

விரிகுடாக் கரை ஊரான ரெக்லாவில் துருப்பிடித்த வண்டி வைத்திருப்பவர்கள், கடல் காற்றில் துருப்பிடிக்காத வண்டி அங்கே ஏது, கடைசியில் எவெலியோவின் கொட்டகையில்தான் வந்து நிற்பார்கள். டிங்கர் வேலையில் அவரை அடித்துக்கொள்ள விரிகுடாவின் இரண்டு கரையிலும் ஆள் கிடையாது. மட்கார்டில் விரல் முட்டியால் நாலு தட்டு, கதவுக்கடியில் கட்டைவிரலால் ஒரு அழுத்து. "இங்க போச்சு. இங்கயும் போச்சு. இந்த இடம் அடுத்த மழைக்குள்ள போயிடும்" என்று சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னதுதான்.

கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை. அவர் கண் இந்த வேலைக்கு உதவாது. பிறவியிலேயே சிவப்பு தெரியாதவர். சிவப்பு என்று நாம் சொல்வதெல்லாம் அவருக்கு ஒரு அழுக்குச் சாம்பல். துருவும் அப்படித்தான். ஒருமுறை பச்சை டாக்ஸி ஒன்றுக்குச் செம்மண் நிறத்தில் ஒரு கதவை அடித்துக் கொடுத்ததில், படகுத்துறை வரைக்கும் ஊரே சிரிப்பாய்ச் சிரித்தது.

அதற்குப் பிறகு கலர் விஷயம் மகள் யனெலிஸின் கைக்குப் போனது. தாயில்லாத பெண், அப்போது ஒன்பது வயது. "பாப்பி, இது பச்சையே இல்ல. இன்னும் ஒரு சொட்டு மஞ்சள் விடு" என்பாள் அப்பாவிடம். பதினைந்து வயதில் அவளே குச்சியை வைத்துக் கலக்கினாள். தகரம் அப்பாவுடையது, கலர் மகளுடையது என்று அந்த வீட்டில் பாகப்பிரிவினையே நடந்துவிட்டது.

அவளுக்கு இருபத்துநாலு வயதானபோது, எவெலியோவின் அப்பா விட்டுப்போன ஐம்பத்து மூன்றாம் வருஷத்துச் செவ்ரோலே காரை இருவரும் சேர்ந்து பிரித்தார்கள். அறுபது வருஷப் பெயிண்டையும் பட்டியையும் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெறும் இரும்பாக நிறுத்தினார்கள். அந்த வாரம்தான் உருகுவேயில் வேலை இருக்கிறது என்று தகவல் வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் சொன்னாள்:

"மூணே மாசம் பாப்பி. அங்க தங்குறதுக்குப் பேப்பர் கைக்கு வந்ததும் ஓடி வந்துடுவேன். அதுவரைக்கும் கலர் அடிச்சிடாத. கலர் என்னோடது."

வெறும் இரும்பு யாருக்காகவும் காத்திருக்காது. ரெக்லாவில் ராத்திரி திறந்து வைத்தால் காலைக் காப்பிக்குள் துரு பூத்துவிடும். அன்றைக்கே ஏதாவது ஒரு பிரைமர், கலருக்கு அடியில் போகும் பூச்சு, அடித்தாக வேண்டும். கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் பெயிண்ட் அடித்த ஃபிலிபெர்தோ, யனெலிஸின் ஞானத்தகப்பன், மூன்று விதப் பூச்சைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார். ஒன்று சாம்பல் பிரைமர்: அரை மணியில் காயும், ஆனால் பஞ்சு மாதிரி ஈரம் குடிக்கும், ஒரு மாதத்துக்குள் மேலே கலர் ஏறாவிட்டால் அடியில் துருவை வளர்க்கும். இன்னொன்று ஈயச் செந்தூரம்: காயப் பத்து நாள், தாங்குவது ஒரு வருஷம். மூன்றாவது கப்பலுக்கு அடிப்பது. இரண்டு டப்பாவைக் கலந்து அடித்தால் கல்லாக இறுகிவிடும்.

"கொம்பாத்ரே, கண்ண மூடிக்கிட்டு கப்பலோடத அடி" என்றார் ஃபிலிபெர்தோ. பிள்ளையின் அப்பாவும் ஞானத்தகப்பனும் ஒருவரையொருவர் அங்கே கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். "பத்து வருஷத்துக்கு அசையாது."

"பத்து வருஷமா? எவனுக்கு வேணும் பத்து வருஷம்? புள்ள மூணு மாசத்துல வர்றா."

"வரட்டும்யா. அதுவரைக்கும் இரும்பு பத்திரமா இருக்கட்டும்னுதான் சொல்றேன்."

"பத்து வருஷத்துக்குத் தாங்குறத நான் அடிச்சா, அவ வரமாட்டான்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. நீ அவளுக்கு ஞானத்தகப்பனா, இல்ல எமனா? எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

ஃபிலிபெர்தோ எதையும் திரும்ப எடுக்காமல் எழுந்து போனார். எவெலியோ கப்பல் டப்பாக்களைத் தெருவில் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஒரு வருஷம் தாங்கும் செந்தூரத்தைக்கூடத் தொடாமல், சாம்பல் பிரைமரை அடித்தார். ஊருக்கெல்லாம் "சாம்பலை நம்பாத, அது பெயிண்ட் இல்ல" என்று பாடம் எடுத்த மனிதர், தெரிந்தே இந்த முட்டாள்தனத்தைச் செய்தார். இதைச் சொல்கிற எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

மூன்று மாதம் ஒரு வருஷமானது. பேப்பர் வந்தது, அதற்குள் அவளுக்கு வேலை மாறியது. பிறகு கல்யாணம், பிறகு ஒரு குழந்தை. ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் எவெலியோ லேசாக உப்புத்தாள் போட்டு, சாம்பலுக்கு மேலேயே இன்னொரு சாம்பல் அடித்தார். கலர் மட்டும் அடிக்கவில்லை. வாங்க ஆள் வந்தால், "பொண்ணு வரணும்" என்று ஒரே பதில். துணி உலர்த்தும்போது மதிலுக்கு மேலே எட்டிப்பார்த்து அடுத்த வீட்டு செனைடா சீண்டுவாள்:

"ஏன் எவெலியோ, ஊருக்கெல்லாம் சாம்பல் புதன் ஒரு நாள்தான். உன் வண்டிக்கு மட்டும் வருஷம் பூராவா?"

"உன் வாய்க்கு ஒரு பிரைமர் அடிக்கிறேன் இரு" என்பார். சிரிப்பார்கள். அப்புறம் ஒருநாள் அவள் சிரிக்காமல் சொன்னாள்: "உன் வண்டியில வேர்க்குரு மாதிரி பொரிப் பொரியா கிளம்பியிருக்கு. துருத்தண்ணி ஒழுகின கறை தெரியுது." அவர் காதில் வாங்கவில்லை. அடுத்தவன் வண்டியை எல்லாம் தட்டித் தட்டிப் பார்த்த விரல், இத்தனை வருஷமாகத் தன் வண்டியின் கதவுக்கடியை மட்டும் தொடவே இல்லை. தொட்டால் தெரிந்துவிடும். தெரிந்துகொள்ளப் பயம்.

எட்டாவது வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. யனெலிஸ் போனில் குழந்தையின் பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்லி முடித்து, இந்த வருஷமும் வர முடியாது என்றாள். அவர் பதறவில்லை. பழகிப்போயிருந்தது.

"பரவாயில்லம்மா. எப்ப வந்தாலும் வண்டி ரெடியா நிக்குது. கலர்தான் நீ சொல்லணும்."

"எந்தக் கலரு பாப்பி?"

"வண்டிக்குத்தான். நீ வர்ற வரைக்கும் அடிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனியே."

அவள் யோசித்துப் பார்க்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

"நானா? எப்போ சொன்னேன்?" அவள் சிரித்தாள். அதில் குற்றமே இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "ஐயோ பாப்பி, இன்னுமா அதுக்குக் கலர் அடிக்கல? ஏதாவது ஒண்ணு அடிச்சு விடு. வெள்ளை அடி."

"சரிம்மா" என்றார். பேரனுக்கு முத்தம் சொன்னார். போனை வைத்துவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போய், குனிந்து, கதவுக்கடியில் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. வெளியே ஒன்பது பூச்சுச் சாம்பல்தான் வண்டி மாதிரி நின்றுகொண்டிருந்தது. உள்ளே இரும்பு பொருபொருவென்று உதிர்ந்தது. அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அறுபத்தாறு வயது மனிதர் வாய்விட்டு அழுதார். செனைடா மதிலருகே வந்தவள் சத்தமில்லாமல் திரும்பிப் போனாள்.

ஐந்து வாரம் கிடைத்த தகரத்தையெல்லாம் வெட்டி ஒட்டினார். மறுபடியும் வெறும் இரும்பு. அதே பழைய கேள்வி. எட்டு வருஷமாகப் படகில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு பக்கம் கடலைப் பார்த்துக்கொண்டு வந்த ஃபிலிபெர்தோவின் வாசலில் போய் நின்றார்.

"அந்தக் கப்பல் பூச்சு இருக்கா கொம்பாத்ரே?"

ஃபிலிபெர்தோ ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. உள்ளே போய் இரண்டு புது டப்பாவோடு வந்தார்.

"எத்தன வருஷம் தாங்கும்?"

"மேல கலர் அடிச்சா இருவது."

"அடிக்கலன்னா?"

ஃபிலிபெர்தோ அவர் முகத்தைப் பார்த்தார். "கூரைக்கு அடியில நின்னா பத்து. ஏன் கேக்குற? அவ வர்..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"பத்து போதும்" என்றார் எவெலியோ. "எனக்கும் அதுக்கும் சேர்த்துப் போதும்."

அன்று மத்தியானமே இருவரும் கலந்து அடித்து முடித்தார்கள். கலந்துவிட்டால் நாலு மணி நேரத்தில் டப்பாவிலேயே இறுகிவிடும், நின்று யோசிக்க நேரமில்லை. கடைசி மட்கார்டு முடியும்போது செனைடா துணிக் கூடையோடு மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அப்பாடா! ஒருவழியா கலர் அடிச்சிட்டியா! சிவப்பு நல்லாத்தான் இருக்கு எவெலியோ."

"சிவப்பா?" என்று கேட்டார் அவர். கப்பல் பூச்சு என்ன நிறம் என்று அவர் ஃபிலிபெர்தோவிடம் கேட்டதே இல்லை.

கையைத் துடைத்துக்கொண்டு நாலடி பின்னால் போய் நின்று பார்த்தார். எட்டு வருஷமாக இருந்த அதே சாம்பலாகத்தான் அவருக்குத் தெரிந்தது.