கொம்பு வைத்த வண்டியும் எஸ்தரின் நிபந்தனையும்

போன சனிக்கிழமை, ஓசூரை ஒட்டிய எங்கள் மத்திகிரி கடைவீதியில் தக்காளி வாங்க வண்டியை நிறுத்தினேன். திரும்பி வந்தால் வண்டியைச் சுற்றி ஐந்தாறு பேர். ஒருவர் டேங்கைத் தடவிக்கொண்டிருந்தார். இன்னொருவர் குனிந்து சைலன்சருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் — உள்ளே என்ன இருக்கும் என்று நினைத்தாரோ...

லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று ஒருவர் தமிழில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அதையே இன்னொருவர் கன்னடத்தில் கேட்டார். மூன்றாமவர் தெலுங்கில். நம் ஊரில் அந்த வசதி உண்டு, எந்த மொழியிலும் மைலேஜ் விசாரிக்கலாம். மூன்று மொழியிலும் ஒரே பொய்யைச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அதென்ன அப்படிப்பட்ட வண்டி என்கிறீர்களா?

முந்நூற்றைம்பது சிசி. தாழ்வான சீட், முன்னால் தள்ளி நிற்கும் சக்கரம், காளை மாட்டுக் கொம்பு மாதிரி அகன்று உயர்ந்த ஹேண்டில்பார். உட்கார்ந்தால் ஈஸிசேரில் சாய்ந்த மாதிரி இருக்கும். குரூஸர் என்று சொல்வார்கள். பெங்களூர்க்காரர் ஒருவர் ஆசை ஆசையாகச் செய்யவைத்த வண்டி. கைமாறி, கிருஷ்ணகிரிக்கு வந்து, இப்போது என் வீட்டு வாசலில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

என்னிடம் ஏற்கெனவே ஒரு நூறு சிசி வண்டி உண்டு. சிப்காட்டில் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை. மத்திகிரியிலிருந்து ஷிஃப்டுக்குப் போக, வர, அரிசி மூட்டை தூக்க... எல்லாவற்றுக்கும் அது போதும். குறை சொல்ல முடியாத வண்டி. ஆனால் நாற்பது வயது நெருங்கும்போது ஓர் ஆணுக்கு, குறை சொல்ல முடியாத பொருள் மேலேயே ஒரு சலிப்பு வருகிறதே, அதற்கு என்ன செய்வது?

குரூஸர் விலைக்கு வருவதாகச் சொன்னவர் மஞ்சுநாத். எங்கள் டிபார்ட்மென்ட்காரர், ஆனேக்கல் பக்கம் சொந்த ஊர். கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் சாதிக் பாயின் வண்டி என்றார். ஒரு ஞாயிறு இரண்டு பேரும் என் சின்ன வண்டியில் போய்ப் பார்த்தோம்.

மண்டி ஓரத்தில் கோணிச் சாக்கைப் போர்த்தி நிறுத்தியிருந்தார். சாக்கை விலக்கியதும் நான் வண்டியை இரண்டு சுற்று சுற்றி வந்தேன். மஞ்சுநாத் காதை இன்ஜின் பக்கம் வைத்துக் கண்ணை மூடி வெகுநேரம் கேட்டார். ஏதோ பெரிய தீர்ப்பு வரப்போகிறது என்று காத்திருந்தேன். கண்ணைத் திறந்து, ‘சவுண்டு சூப்பரா இதே’ என்றார், பாதிக் கன்னடத்தில். அவ்வளவுதான் இன்ஸ்பெக்ஷன்.

இவ்வளவு நல்ல வண்டியை ஏன் கொடுக்கிறீர்கள் என்று சாதிக் பாயைக் கேட்டேன். பழைய வண்டி வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. வரும் பதிலை நம்பக்கூடாது என்பது அடுத்த விதி. ஆனால் பாய் சொன்ன பதிலை நம்பாமல் இருக்க முடியவில்லை.

‘வண்டில ஒரு கொறையும் இல்ல தம்பி. சத்தந்தான் கொறை. நாகரசம்பட்டிலயும் பாரூர்லயும் தோப்புங்கள குத்தகைக்கு எடுத்திருக்கேன். காவலுக்கு ஆளுங்க இருக்காங்க. நான் இதுல கெளம்புனா, ரெண்டு மைல் முன்னாடியே அவனுங்களுக்குக் கேட்டுடுது. நான் போறப்ப ஒருத்தனும் தூங்கறதில்ல. எல்லாரும் மரத்தச் சுத்திச் சுத்தி வர்றாங்க. இத்தினி வருசமா ஒருத்தனையும் புடிக்க முடியலியே.’

சத்தமில்லாத ஸ்கூட்டர் ஒன்று பார்த்து வைத்திருப்பதாக ரகசியம் போலச் சொன்னார். அந்தக் காவல்காரர்களை நினைத்துப் பாவமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் சொன்னேன். என் மனைவி எஸ்தரை இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். திருநெல்வேலிச் சீமை. கணக்கில் பட்டம், பிஎட். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்து, பதில்களைத் தயாரித்து வைத்திருந்தேன். அவள் இட்லி மாவைக் கலக்கியபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

‘வாங்குங்க. நான் என்ன வேண்டாம்னா சொல்லுதேன்? ஆனா சின்ன வண்டிய விக்கப்படாது. அது எனக்கு வேணும்.’

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். கெலமங்கலம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். வருஷ ஆரம்பத்திலேயே கணக்கு டீச்சர் வேலைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். டவுன் பஸ் ரோட்டிலேயே இறக்கிவிட்டுவிடும். அங்கிருந்து தைலமரங்களுக்கு நடுவே நீண்ட நடை. யானை வரும் என்று வேறு சொன்னார்கள். எப்படிப் பார்த்தாலும் முதல் பீரியட் முடிந்த பிறகுதான் போய்ச் சேர முடியும். முடியாது என்று சொல்லிவிட்டோம்... சொல்லிவிட்டோம் என்றால், நான் சொன்னேன், அவள் சும்மா இருந்தாள். அந்த இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லையாம். இதை அவள் எப்போது விசாரித்தாள் என்று எனக்குத் தெரியாது.

சின்ன வண்டி என்ன மொபெட்டா? கியர் வண்டி. ஓசூரில் ஒரு பெண் கியர் வண்டி ஓட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் அப்போது என் கண்ணுக்குள் கொம்பு மட்டும்தான் நின்றது. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அடுத்த வாரமே வண்டியை எடுத்துவந்தேன். ஸ்டார்ட் செய்யும் முறையை சாதிக் பாய் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். கிக்கரை அவசரப்பட்டு மிதிக்கக்கூடாது, இன்ஜினின் மூச்சு பார்த்து ஒரே மிதி, தப்பாக மிதித்தால் திருப்பி உதைக்கும் என்றார். கிளம்பும்போது டேங்கை ஒருமுறை தட்டிக் கொடுத்தார். மேலுமலை ஏற்றத்தில் லாரிகளைத் தாண்டி, சூளகிரிப் பாறைகள் ஓரமாக அந்த வண்டி தடதடவென்று வந்ததைப் பற்றி நான் நான்கு பத்தி எழுதுவேன். வேண்டாம், நீங்கள் வேலையுள்ளவர்கள்.

எஸ்தரின் பயிற்சி கால்நடைப் பண்ணையை ஒட்டிய ரோட்டில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும், சுடிதாரில். அகலமான காலி ரோடு. எப்போதாவது மாடுகள் குறுக்கே போகும். அவை ஒதுங்குவதில்லை என்பதால் பிரேக் நன்றாகப் பழகிவிட்டது. ஓட்டவும் வந்துவிட்டது. நிறுத்தியபின் மறுபடி கிளப்புவதுதான் தகராறு. கிளட்சை விட்டதும் வண்டி குலுங்கி அணைந்துவிடும். பத்து முறையில் ஏழு முறை அப்படித்தான்.

இதற்குள் எஸ்தர் பள்ளிக்கூடத்தில் பேசியிருந்தாள், ஒரு வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்லி நாள் குறித்திருந்தார்கள். மெயின் ரோட்டில் தனியாகப் போகும் அளவுக்கு அவள் இன்னும் பழகவில்லை, நானே குரூஸரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அக்கறைதான். கொஞ்சம் பெருமையும் உண்டு. அப்படி ஒரு வண்டியில் வந்து இறங்கினால் பள்ளிக்கூடமே திரும்பிப் பார்க்காதா?

அன்று காலை எஸ்தர் கஞ்சி போட்ட காட்டன் புடவையில் பின்னால் உட்கார்ந்தாள். மத்திகிரி தாண்டி நாலைந்து மைல் போயிருப்போம். வண்டி இரண்டு முறை இருமியது. அப்புறம் மூச்சை நிறுத்திவிட்டது.

மிதித்தேன். அசையவில்லை. மறுபடி மிதித்தேன். நேரம் ஆகிக்கொண்டிருந்தது. பாய் சொன்ன இன்ஜின் மூச்செல்லாம் மறந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டு மிதித்ததில், கிக்கர் திருப்பி ஒரு உதை விட்டது பாருங்கள்... கணுக்காலைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். கால் கண்ணெதிரே வீங்கியது.

எஸ்தர் என் காலைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துப் பக்கம் போகும் வண்டி ஒன்றும் காணோம். எதிரே மத்திகிரிக்குப் போகும் ஆட்டோ ஒன்று வந்தது, உள்ளே ஏகப்பட்ட ஆட்கள். டிரைவரைத் திருப்பி வரச் சொல்லிக் கெஞ்சினேன். ஏற்றியவர்களை இறக்கிவிட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டார்.

‘நீங்க இங்கயே இருங்க. நான் போயி சின்ன வண்டிய எடுத்துட்டு வாரேன்’ என்று அவள் ஆட்டோவின் ஓரத்தில் தொற்றிக்கொண்டாள்.

இந்த இடம் வரை அவள் மெதுவாக ஓட்டிக்கொண்டு வரட்டும், இங்கே நான் வண்டியை வாங்கிக்கொள்ளலாம், வலித்தாலும் ஒரு காலால் சமாளித்துக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பக்கத்தில் இருந்த டீக்கடை வரை நொண்டிப் போய், கடைக்கார அம்மா கொடுத்த வெந்நீர்த் துணியைக் காலில் சுற்றிக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தேன்.

தூரத்தில் என் சின்ன வண்டியின் சத்தம். எழுந்து ரோட்டோரம் போய்க் கையைக் காட்டினேன்.

கிட்டே வந்தபோதுதான் கவனித்தேன். புடவை இல்லை, சுடிதார். புடவை மடிப்புக் கலையாமல் பையில் இருந்தது, பை கேரியரில் இருந்தது. துப்பட்டாவைக் குறுக்காகக் கட்டியிருந்தாள். இரண்டு கையும் ஹேண்டிலை நெரித்துக்கொண்டிருந்தன. வேகம் குறையவில்லை.

‘நிறுத்துனா அணைஞ்சிரும்ங்க’ என்று என்னைத் தாண்டும்போது சொன்னாள். பார்வை ரோட்டிலிருந்து நகரவில்லை.

போய்விட்டாள்.

கையை நீட்டியபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. டீக்கடை அம்மா கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே போனால் ஒரு வளைவு, அதைத் தாண்டிக் கல் லாரிகள் திரும்பும் இடம். மாடு ஒதுங்காது சரி, லாரி ஒதுங்குமா? கிராமத்து மண் ரோட்டில் அவள் ஒருநாளும் ஓட்டியதில்லை. ஒரு வேலைக்காக இப்படி அனுப்பிவிட்டோமே என்று கடைக்கும் ரோட்டுக்குமாக நொண்டி நொண்டி நடந்தேன். அனுப்பியது நானில்லை, அவளே போனாள் என்பது அப்போது தோன்றவே இல்லை.

அந்தப் பக்கமிருந்து பஸ் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தி, வண்டியில் ஒரு பெண் போனதைப் பார்த்தீர்களா என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

‘பாத்தமே சார். எதிர்ல நடு ரோட்டுல வந்தாங்க, ஹாரன் அடிச்சி அடிச்சிப் பாத்தாச்சு. அந்தம்மா எங்களுக்கு சைடே குடுக்கல’ என்றார்.

வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்த புகார் வேறு கிடையாது.

உச்சிப் பொழுதில் திரும்பி வந்தாள். டீக்கடைக்கு நேராக, மெதுவாக, அணையாமல் நிறுத்தினாள். முகமெல்லாம் செம்மண். வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லவே தேவையிருக்கவில்லை.

நடந்ததை அப்புறம்தான் சொன்னாள். பள்ளிக்கூட வாசலில் தலைமை ஆசிரியையே நின்றிருந்தாராம். ஐந்து நிமிஷத்தில் புடவை மாற்றி வகுப்புக்குள் போய்விட்டாள். தயாரித்து வைத்த பாடம் படபடப்பில் மறந்துபோனது. சாக்பீஸை எடுத்து, ‘ஒருவர் மத்திகிரியிலிருந்து ஒரு வண்டியில் கிளம்புகிறார். பாதி வழியில் வண்டி நின்றுவிடுகிறது. அவர் மனைவி...’ என்று கரும்பலகையில் எழுத ஆரம்பித்தாளாம். பிள்ளைகள் கொல்லென்று சிரித்திருக்கிறார்கள். வேகம், தூரம், நேரம் மூன்றையும் அந்த ஒரே கணக்கில் முடித்துவிட்டாள். மழை நாளில் எப்படி வருவீர்கள் என்று மட்டும் தலைமை ஆசிரியை கேட்டாராம். ரெயின்கோட் போட்டுக்கொண்டு வருவேன் என்றாளாம். வரும் திங்கட்கிழமையே சேரச் சொல்லிவிட்டார்கள்.

குரூஸரை டீக்கடை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு, நான் அவள் பின்னால் ஏறினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பின் சீட்டில் உட்கார்வது எனக்கு முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இதையெல்லாம் பெண்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? கியர் மாற்றும்போதெல்லாம் என்னை அறியாமல் என் வீங்காத கால் அசைந்தது. ‘நீங்க சும்மா வாங்க’ என்றாள். சும்மா வந்தேன். மத்திகிரி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருவரும் மைலேஜ் கேட்கவில்லை.

சாயந்திரம் மஞ்சுநாத் போய்ப் பார்த்தார். டேங்க் துரு பெட்ரோலோடு இறங்கிக் கார்புரேட்டரை அடைத்திருந்ததாம். கழுவி மாட்டி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். சவுண்டு முன்னைவிட சூப்பர் என்று வேறு சொன்னார்.

இப்போது ஒரு பருவம் ஓடிவிட்டது. எஸ்தர் தினமும் பள்ளிக்கூடம் போகிறாள். ஏழாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர், பெரியவர்களானதும் கணக்கு டீச்சர் ஆவார்களோ இல்லையோ, கியர் வண்டி ஓட்டுவதாக முடிவு செய்துவிட்டார்களாம். தலைமை ஆசிரியை அதைப் பெரிய குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

குரூஸரை நான் வேலைக்கு எடுத்துப்போய்ப் பார்த்தேன். கம்பெனி ஷெட்டில் அதன் கொம்பு இந்தப் பக்கம் ஒரு வண்டியையும் அந்தப் பக்கம் ஒரு வண்டியையும் முட்டுகிறது, வெளியே நிறுத்துங்கள் என்றார் செக்யூரிட்டி. வெயிலிலும் மழையிலும் அதை வெளியே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பெட்ரோல் குடிக்கும் அளவும்... நான் மூன்று மொழியிலும் சொன்ன அளவு இல்லை.

ஆகவே இரண்டாவது வண்டி வாங்க நினைக்கும் நண்பர்களே, தயங்காமல் வாங்குங்கள். குடும்பத்துக்கு மிகவும் நல்லது. எங்கள் வீட்டில் இன்றைக்கு இரண்டு வண்டி இருக்கிறது.

நான் காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறேன்.