சத்தம் இருந்தால்தான் அப்பாவுக்குத் தூக்கம்

ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையில் நாங்கள் குடியிருந்த வீட்டில் காலை எட்டு மணிக்கு மேல் குக்கர் விசில் அடிக்கக் கூடாது. மிக்சி ஓடக் கூடாது. டிவி என்ற பேச்சுக்கே இடமில்லை. காலிங் பெல்லின் ஒயரை அம்மா எப்போதோ பிடுங்கிவிட்டிருந்தாள். கோலமாவு விற்கிறவர்கூட எங்கள் வாசல் வந்தால் குரலை இறக்கிக்கொள்வார், அம்மா அவரை அப்படிப் பழக்கியிருந்தாள். எல்லாம் அப்பாவின் தூக்கத்துக்காக. அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. இரும்புத் தகட்டை மிஷினில் கொடுத்து வெட்டி எடுக்கிற வேலை, வருடம் முழுக்க நைட் ஷிப்ட். விடிந்து வீடு வந்து, குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டு ஹாலில் பாயை விரித்தாரென்றால் சாயங்காலம்தான் எழுவார். எங்களுக்கு இருந்ததே அந்த ஒரு ஹாலும் ஒரு சமையலறையும்தான்.

இதில் சிக்கல் என்னவென்றால், எனக்குச் சத்தம் போட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். சும்மா படிப்பது இல்லை, மைக் இல்லாத குறையாகக் கத்திப் படிப்பேன். அதற்காகவே எனக்கு மொட்டை மாடி ஒதுக்கப்பட்டிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் நடந்துகொண்டே நான் படித்ததில், பக்கத்து மாடியில் வடாம் காயப்போட வந்தவர்களுக்கெல்லாம் பிரெஞ்சுப் புரட்சி தெரிந்திருக்கும்.

அப்படிப் படித்தும் ஒன்பதாம் வகுப்பு காலாண்டுத் தேர்வில் அறிவியலில் ஃபெயில் ஆனேன். பத்தாம் வகுப்பு ரிசல்ட் கெட்டுவிடக் கூடாதே என்று எங்கள் பள்ளியில் ஒன்பதிலேயே களையெடுப்பார்கள். அரையாண்டிலும் இதே கதி என்றால் டிசி வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பாவை வரச்சொல்லிச் சொல்லிவிட்டார்கள். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்திருந்த அப்பா, கையைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னைத் திட்டவே இல்லை. ஜன்னலோரம் என்னை உட்காரவைத்துவிட்டு நின்றுகொண்டே வந்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இந்த நேரத்தில்தான் மாமா களத்தில் இறங்கினார். அம்மாவின் தம்பி. ஆவடி மார்க்கெட்டில் செல்போன் கடை வைத்திருந்தார். பத்தாம் வகுப்பை அவர் எத்தனை முறை எழுதினார் என்பது எங்கள் வீட்டில் யாரும் எடுக்கக் கூடாத பேச்சு. ஆனால் எப்படிப் படிக்க வேண்டும் என்பதில் அவருக்கு இணை அவர்தான். யூடியூபில் இருந்ததையெல்லாம் பார்த்துவிட்டு வந்து, கலர் கலராக ஒரு டைம்டேபிள் போட்டு பீரோ கதவில் ஒட்டினார். இருபத்தைந்து நிமிடம் படி, ஐந்து நிமிடம் ஓய்வெடு, படித்ததைப் படமாக வரை, நிறையத் தண்ணீர் குடி என்று வரிசையாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், உதடு அசையக் கூடாது என்பது.

"வாயால படிக்கிறவன்லாம் கிளிப்பிள்ள பாப்பா. மனசுக்குள்ள படிச்சுப் பாரு, அப்டியே ஒட்டிக்கும்" என்றார். அவருக்கு எது ஒட்டியது என்று நான் கேட்கவில்லை.

மாமாவின் சட்டத்தைக் கடைப்பிடித்தே தீரவேண்டிய நிலைமையும் வந்தது. அந்த வருடம் மழை பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் தண்ணீர், பள்ளிக்கு லீவுக்கு மேல் லீவு, அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது. எஸ்டேட்டுக்கு மட்டும் லீவு கிடையாது. மொட்டை மாடிக்குப் போக வழியில்லை. அம்மா காலையிலேயே எக்ஸ்போர்ட் கம்பெனி வேனில் ஏறிப் போய்விடுவாள். ஹாலில் பாயில் அப்பா, சுவரோரம் நான், நடுவில் அறிவியல் புத்தகம். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு இரத்த ஓட்டம் படித்தேன். இரத்தம் ஓடியது, என் தலைக்குள் மட்டும் வரவில்லை. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் கடைசியில் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. அழுதுகொண்டிருந்தேன் என்பதே மூக்கை உறிஞ்சிய பிறகுதான் தெரிந்தது. மாமாவின் சட்டத்தில் மூக்கை உறிஞ்சுவது பற்றி ஒன்றும் இல்லை.

அப்பா புரண்டு படுத்து ஒரு கண்ணைத் திறந்தார்.

"இன்னா பாப்பா, சத்தத்தையே காணோம்?"

மனதுக்குள் படித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். அப்பா என் ஈரக் கன்னத்தைப் பார்த்தார். பிறகு, அதனால்தான் தனக்கு விழிப்பு வந்துவிட்டது என்றார்.

"பிரஸ் ஷாப்புல வேல செய்றவனுக்கு சத்தம் நின்னா தூக்கம் போயிரும்மா. மிஷின் நின்னா இன்னாமோ கோளாறுன்னு அர்த்தம். நீ நல்லா கத்திப் படி. நான் நல்லா தூங்குவேன்."

எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது. எங்கள் தெருவில் பாதிப் பேர் எஸ்டேட்காரர்கள். வீட்டிலும் மிஷினுக்கு மேல் கத்துகிற குரலில்தான் பேசுவார்கள். அப்பாவுக்குச் சத்தம் தாலாட்டாக இருப்பதில் என்ன ஆச்சரியம். பாவம் அம்மா, இத்தனை வருடமாக விவரம் தெரியாமல் வீட்டை ஊமையாக்கி வைத்திருக்கிறாளே என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து படித்தேன், கூரை அதிர. மழைக்கும் எனக்கும் போட்டி. அப்பா கையை மடித்துக் கண்ணை மறைத்துக்கொண்டு அசையாமல் கிடப்பார். அவர் தூங்குவதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்காது. டிசி பயத்தில் கிடந்த பிள்ளைக்கு, தன்னால் ஒரு மனிதர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம். சோம்பலில் நடுவே ஒரு பத்தியைத் தாண்டிப் படித்துவிட்டால் மட்டும் பாயிலிருந்து குரல் வரும்.

"கெட்ட ரத்தம் நுரையீரலுக்குப் போச்சே, அப்பாலிக்கா எங்க போச்சு?"

தூங்கும்போதும் கேட்குமா என்று கேட்டேன். காது எப்போதும் டியூட்டியில்தான் இருக்கும் என்றார். அதையும் நம்பினேன். தாண்டிய இடத்துக்குத் திரும்பிப் போய், நல்ல இரத்தமாகி இதயத்துக்கு வருகிறவரை படித்துக் காட்டுவேன்.

தேர்வு நெருங்கிய சமயம், ஒருநாள் காலை அப்பாவை அவருடைய கூட்டாளி ஒருவர் வண்டியில் கொண்டுவந்து விட்டார். மிஷின் முன்னால் அப்பா கண் அயர்ந்துவிட்டாராம். கை உள்ளே போகிற நேரத்தில் கூட்டாளிதான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். கையில் ஒரு கீறல் இல்லை. ஆனால் சூப்பர்வைசர் அப்பாவை மிஷினிலிருந்து எடுத்து, கொஞ்ச நாளைக்கு பேக்கிங்கில் போட்டுவிட்டார். வேனைத் தவறவிட்ட அம்மா அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"பகல் பூரா தூங்கற ஆளுக்கு வேல நேரத்துல எப்டிய்யா தூக்கம் வரும்?" என்று கேட்டாள். பிறகு சந்தேகத்தோடு என்னைப் பார்த்தாள். நான் பதில் சொல்வதற்குள் அப்பா முந்திக்கொண்டார். மழைக்காலம், உடம்பு அசதி, பாப்பா படிப்பதால்தான் இந்தத் தூக்கமாவது வருகிறது என்றார்.

குறை என் பக்கம்தான் என்று புரிந்துவிட்டது. மத்தியானம் சாப்பிடுகிற நேரத்தில் நான் படிப்பதை நிறுத்திவிடுகிறேன். மாமாவின் ஐந்து நிமிட ஓய்வு வேறு. அந்த இடைவெளியில்தான் அப்பாவின் தூக்கம் ஓட்டை விழுகிறது. இனி விடக் கூடாது என்று முடிவெடுத்தேன். அன்றிலிருந்து ஒரு கையில் சோற்றுத் தட்டும் மறு கையில் புத்தகமுமாக, இன்னும் பலமாக, இன்னும் நேரம் கூட்டிப் படித்தேன். தொண்டை கட்டிக்கொண்டபோது உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு வந்து படித்தேன். என் அப்பாவின் கையை நான்தான் காப்பாற்றியாக வேண்டும்.

அறிவியல் தேர்வில் இரத்த ஓட்டம் வந்தது. எழுதும்போது பாயிலிருந்து அப்பா கேட்பது அப்படியே காதில் விழுந்தது. ஒரு பத்தியையும் தாண்டாமல் எழுதினேன். எல்லாப் பாடத்திலும் பாஸ். மாமா பீரோ கதவு டைம்டேபிளின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார்.

தேர்வு முடிந்து லீவு விட்ட முதல் நாள் காலை, அப்பா பாயில் படுத்ததும் நான் பக்கத்தில் புத்தகத்தோடு போய் உட்கார்ந்தேன். அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அதான் பரீட்ச முடிஞ்சிச்சே பாப்பா?"

"நான் படிக்கலன்னா நீ எப்டிப்பா தூங்குவ?" என்றேன்.

அப்பாவின் முகம் என்னவோ போல் ஆனது. பிறகு என் தலையில் கையை வைத்து, "சரி, படி" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அந்த லீவு முழுக்க அடுத்த பருவத்துப் பாடங்களைப் படித்து முடித்தேன். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு எல்லாம் அந்தப் பாயின் ஓரத்தில்தான் நடந்தது.

இப்போது நானும் அம்பத்தூரில்தான் வேலை செய்கிறேன். எஸ்டேட் பக்கத்துக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை, நைட் ஷிப்ட். விடிந்ததும் கம்பெனி வண்டி வீட்டில் விட்டுவிடும். வேலையை விட்டு வீட்டோடு இருக்கிற அப்பாதான் எனக்கு இட்லி எடுத்துவைப்பார். ஹால் ஜன்னலை ஒட்டிய மாடிப்படியில் பக்கத்துப் போர்ஷன் பெண்பிள்ளை ஒன்று உட்கார்ந்து படிக்கும். என் ஜாதி, கூரை அதிரத்தான் படிக்கும். போன வாரம் ஒருநாள் காலை, கண்ணெல்லாம் எரிய, தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தேன். நீரின் சுழற்சி என்று அது ஆரம்பித்தது. ஆவியாகி மேகமாவதற்குள் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா மெல்ல எழுந்து வெளியே போவது தெரிந்தது. அந்தப் பிள்ளையிடம் அவர் தாழ்ந்த குரலில் சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"மனசுக்குள்ள படிம்மா. அக்கா நைட் ஷிப்ட்டு போயிட்டு வந்து படுத்துகினு கீது. இம்மாஞ் சத்தத்துல மனுசனுக்குத் தூக்கம் வருமா?"

கண்ணைத் திறந்தால் என்ன ஆவேன் என்று தெரியவில்லை. அப்பா உள்ளே வந்து, கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு, நான் தூங்கிவிட்டேனா என்று குனிந்து பார்த்தார். கையை மடித்துக் கண்ணை மறைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன். தூங்குகிறவரைப் போலக் கிடப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அந்த மழைக்காலத்தில் எனக்குத் தெரியாது.