மாஸ்டர் மெத்தை வாங்கிய கதை

என் நாத்தனாரைத் தெருவில் எல்லோரும் ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தையல்காரர்கள் கைக்குப் போவதற்கு முன்னால் துணியை அடுக்கி, சாக்கட்டியால் கோடு போட்டு, கத்தரி வைப்பவர். காலையில் மேசை முன்னால் நின்றால் சாயங்காலம்தான் நகர்வார். அந்த வேலையில் அழித்து எழுதுவதெல்லாம் கிடையாது, வெட்டியது வெட்டியதுதான். அதனாலோ என்னவோ, பேசுவதற்கு முன்னாலும் ரொம்ப யோசிப்பார். யோசித்து முடித்துவிட்டுப் பேசாமலே போய்விடுவதும் உண்டு. நான் அதற்கு நேர்மாறு. என் வாய்க்குப் பூட்டு செய்கிறவன் இன்னும் பிறக்கவில்லை என்பது என் வீட்டுக்காரரின் கட்சி.

வீட்டுக்காரர் மாஸ்டருக்குத் தம்பி. கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கும் பள்ளியில் வேலை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பழகுகிறவர்கள் தப்பு செய்யும்போதெல்லாம் தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதிப்பார். பகலெல்லாம் மிதித்தது போதாது என்று தூக்கத்திலும் மிதிப்பார். மிதி வாங்குவது நான்.

எங்கள் வீட்டில் இரண்டு அறை. பெரிய அறையில் நாங்கள். சின்ன அறையில் இஸ்திரிப் பலகை, இரண்டு டிரங்குப் பெட்டி, எங்கள் பெண் சின்ன வயதில் ஓட்டிய சைக்கிள், ஓடாத ஒரு மேசை விசிறி, மிச்சமிருக்கும் இடத்தில் மாஸ்டர். நான் கல்யாணமாகி வந்தபோது பெரிய அறை அவருடையதுதான். “புதுசா கல்யாணம் ஆனவங்க, கொஞ்ச நாளைக்கு இருங்க” என்று அவராகத்தான் விட்டுக் கொடுத்தார். அந்தக் கொஞ்ச நாளில் எங்களுக்குப் பெண் பிறந்து, படித்து முடித்து, கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்கும் போய்விட்டாள். கூரை ஒழுகியபோது அதைப் பிரித்து மாற்றியதும் மாஸ்டரின் சம்பாத்தியம்தான். புதுக் கூரையின் கீழே அவருக்குக் கிடைத்தது சைக்கிளுக்குப் பக்கத்து இடம்.

எங்கள் பெண் தன் பிள்ளைகளோடு வந்தால் அதுவும் போய்விடும். மாஸ்டர் தன் பஞ்சு மெத்தையைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிடுவார். மெத்தை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பஞ்செல்லாம் உருண்டு திரண்டு, ஒரு இடத்தில் கட்டியும் அடுத்த இடத்தில் வெறும் துணியுமாகக் கிடக்கும். போன தடவை பெண் வந்துவிட்டுக் கிளம்பிய அன்று காலை மாஸ்டரால் எழுந்திருக்க முடியவில்லை. நானும் இவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். டாக்டர் முதுகை அழுத்திப் பார்த்துவிட்டு, ஒழுங்கான படுக்கை இல்லாவிட்டால் இனி நின்று வேலை பார்ப்பதை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். மாஸ்டர் முகம் செத்துப் போயிற்று. அந்த மேசையைத் தவிர அவருக்கென்று இந்த உலகத்தில் வேறு இடம் எது?

வீட்டுக்கு வந்ததும், “மெத்தை வாங்கணும்” என்றார்.

“பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?” என்றார் இவர், கட்டிலில் காலை நீட்டிக்கொண்டே. கட்டிலில் படுத்துக்கொண்டு இந்தப் பழமொழியைச் சொல்வதற்கு ஒரு தனித் தைரியம் வேண்டும். நான் ஒரு பார்வை பார்த்ததும் இறங்கி வந்தார். “சரிக்கா, வாங்கிக்கோ. அந்த ரூமுக்குத் தகுந்த மாதிரி சின்னதாப் பாத்து வாங்கு.”

மாஸ்டர் தலையை ஆட்டினார். அது சரி என்கிற ஆட்டலா, கேட்டுக்கொண்டேன் என்கிற ஆட்டலா என்று அப்போது யாரும் விசாரிக்கவில்லை.

கடைக்கு நானும் கூடப் போனேன். மெத்தைக்கென்றே ஒரு கடை, உள்ளே குளிர்பதன வசதி, வரிசையாகப் படுக்கைகள், டை கட்டிய ஒரு பையன். அவனுக்கு எங்களைப் பார்த்ததும் பெரிய நம்பிக்கை பிறக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஓரமாகக் கிடந்த மலிவு விலை மெத்தைகளைக் காட்டினான். மாஸ்டர் ஒவ்வொன்றின் விளிம்பையும் இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். ஓரத் தையலைப் புரட்டிப் பார்த்தார். ஒன்றின் உறையில் ஜிப் இருக்க, அதைத் திறந்து உள்ளே கையையே விட்டுவிட்டார்.

“மேடம், அதெல்லாம் திறக்கக் கூடாது.”

“உள்ள பாக்காம எப்படி வாங்கறது?” என்றார் மாஸ்டர்.

பையன் மென்று விழுங்கிவிட்டு எங்களை உள்பக்கம் கூட்டிப் போனான். அங்கேதான் ஹைபிரிட் மெத்தை இருந்தது. கீழே ஸ்பிரிங், மேலே ஃபோம், இரண்டும் சேர்ந்தது. வெறும் ஃபோம் என்றால் உடம்பைப் பள்ளத்துக்குள் இழுத்துக்கொண்டு சூட்டையும் பிடித்து வைக்கும், வெறும் ஸ்பிரிங் என்றால் குத்தும், இதில் இரண்டு தொல்லையும் இல்லை என்று ஒப்பித்தான். குறுக்கே வெட்டிய ஒரு துண்டையும் எடுத்துக் காட்டினான். அதைப் பார்த்ததும் மாஸ்டர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் தனித்தனியா பை தைச்சிருக்கானே” என்றார் என்னிடம். “ஒண்ணு அமுங்கினா பக்கத்துல இருக்கறதும் சேந்து அமுங்க வேண்டியதில்ல.”

“அப்ப இது கூட்டுக் குடும்பத்துக்கு ஆகாத சரக்கு அண்ணி” என்றேன். மாஸ்டர் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம்.

பக்கத்தில் படுத்தவர் புரண்டால்கூட இந்தப் பக்கம் தெரியாது என்றான் பையன். எனக்கு அங்கேதான் காது நிமிர்ந்தது. சொல்லிவிட்டால் ஆயிற்றா? மாஸ்டரை ஒரு பக்கம் படுக்கச் சொன்னேன், அவருக்குப் பக்கத்தில் பையனின் தண்ணீர்க் குவளையை வைத்தேன், மறுபக்கம் நான் ஏறிப் படுத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் மிதிப்பது மாதிரியே பிரேக் மிதித்தேன். முதலில் மெதுவாக. அப்புறம் குறுக்கே மாடு வந்தால் மிதிப்பாரே, அப்படி. குவளை அசையவில்லை. மெத்தை பார்க்க வந்த ஒரு புதுமணத் தம்பதி எங்களைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்கள்.

“முதுகுக்கு எப்படி இருக்கு அண்ணி?” என்றேன். பதில் இல்லை. மாஸ்டரின் இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்த்தேன். நுழைந்தது, ஆனால் தாராளமாக இல்லை. அதுதான் சரியான பதம் என்றான் பையன். சுலபமாக நுழைந்தால் மெத்தை கல், நுழையவே இல்லையென்றால் மெத்தை சேறு. மாஸ்டர் அப்போதும் பேசவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவர் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, கைப்பையை வயிற்றின்மேல் பிடித்துக்கொண்டு, பட்டப்பகலில், ஊரான் கடையில். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. இந்த மனுஷி இப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை. எழுப்பப் போன பையனின் டையைப் பிடித்து நிறுத்தினேன்.

“பரிசோதனை நடக்குது” என்றேன். “வேற யாரையாவது கவனி.”

எழுந்ததும் மாஸ்டர் வெட்கப்படவில்லை. மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து அது சரிகிறதா என்று பார்த்தார். விலையைக் கேட்டார். எனக்குத் தலை சுற்றியது. அவர் சலனமில்லாமல், “விலை ஜாஸ்திதான். ஆனா தினமும் உடுத்தற துணியில கஞ்சத்தனம் பண்ணக் கூடாது” என்றார். பிறகு, “டபுள் குடு” என்றார்.

பையன் எங்களை நோட்டம் விட்டான். “சாரும் படுப்பாங்களா மேடம்?”

“எந்த சாரு?”

“இல்ல, உங்க ஒருத்தருக்குன்னா சிங்கிளே போதும்…”

“உனக்கு டபுள் விக்க இஷ்டமில்லையா?” என்றார் மாஸ்டர். பையன் பில் போட்டான். எனக்கும் அப்போது எதுவும் தோன்றவில்லை. அளவு விஷயத்தில் எனக்கு மூளை கிடையாது, பாலை ஊற்றினால் பாத்திரம் வழிந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெத்தை வந்தது. தூக்கி வந்த இரண்டு பேரும் வாசலில் திணறி, நிமிர்த்தி, சாய்த்து, ஹாலுக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஸ்பிரிங் இருப்பதால் மடக்கக் கூடாதாம். ஹாலில் ஒரு சுவர் புதிதாக முளைத்த மாதிரி இருந்தது. இவர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார், நான் இந்தப் பக்கம்.

“ஹைபிரிட்டா? ஹைபிரிட் தக்காளி கேள்விப்பட்டிருக்கேன்” என்றது அந்தப் பக்கத்துக் குரல். “அழுகாது. ருசியும் இருக்காது.”

மெத்தையைச் சுற்றித் தவழ்ந்து வந்து சின்ன அறையைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

“ஊருக்கெல்லாம் அளவெடுக்கற ஆளு, சொந்த ரூமை அளக்காம விட்டுட்டியே அக்கா! இதுக்குள்ள இது எப்படிப் போகும்?”

தூக்கி வந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு மாஸ்டரை நினைத்து முகம் சுண்டிவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு பிசிறு பிசகாமல் வெட்டிய கை, தனக்கென்று வாங்கும்போது தப்பு பண்ணிவிட்டதே என்று பதறினேன்.

“அளந்தேன்” என்றார் மாஸ்டர்.

“எதை அளந்தே?”

மாஸ்டர் மோவாயால் எங்கள் அறையைக் காட்டினார். “அதை.”

இவர் சிரிப்பு பாதியில் நின்றது. மாஸ்டர் துணிக்கு அளவு சொல்கிற அதே குரலில் தொடர்ந்தார். “உங்க கட்டில் இதைவிட ஒடுக்கம், சின்ன ரூம்ல உட்காரும். அதையும் அளந்துட்டேன். கதவு முக்கால்வாசி திறக்கும். சைக்கிளை மட்டும் யாருக்காவது குடுத்துடணும்.”

கல்லுளிமங்கி என்றால் மாஸ்டர்தான். நாங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில், நாடாவைப் பிடித்துக்கொண்டு என் அறையை மூலைக்கு மூலை அளந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்வானேன், நல்ல கோபம். அந்த ஜன்னலுக்குத் திரை நான் தேர்ந்தெடுத்தது. அந்தச் சுவரில் இருக்கும் எண்ணெய்க் கறை என் தலை பட்டது.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா” என்றார் இவர்.

“கேட்டா குடுத்திருப்பியா?”

இவர் என் பக்கம் திரும்பினார். குடும்பத்தில் இக்கட்டு வந்தால் மட்டும் இவருக்கு என் வாய்மேல் நம்பிக்கை வந்துவிடும். நான் பேசாததால் தானே முனகினார். “இடத்தைக் குடுத்தா மடத்தைப் பிடுங்கின கதையா இருக்கே.”

“மடமே அவங்களுதுங்க” என்றேன்.

என் வாய் என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தேன், திருப்பி வாங்கும்படி அதில் ஒன்றும் இல்லை. தூக்கி வந்தவர்களில் மூத்தவர், “எந்த ரூம்மா? கை கடுக்குது” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாஸ்டர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. தன் கையில் இருந்த பில்லை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். வெட்டியதை மறுபடி தொட்டுப் பார்க்காத கை அது. அப்போதுதான் என் கோபம் போயிற்று. இந்த ஒரு பேச்சுக்கு அவர் எத்தனை வருஷம் யோசித்தாரோ.

உள்ளே போனேன். எங்கள் தலையணைகளையும் போர்வையையும் வாரி எடுத்து வந்து இவர் கையில் திணித்தேன்.

“கட்டிலை வெளிய இழுங்கப்பா” என்றேன் வந்தவர்களிடம். “ஜன்னல் ஓரமாப் போடுங்க மெத்தையை. அண்ணிக்குக் காத்து வேணும்.”

மாஸ்டர் நன்றி எல்லாம் சொல்லவில்லை. மெத்தை விரித்து முடிந்ததும் அதன்மேல் புதுத் துணி ஒன்றைப் போட்டார். அளந்து அவரே தைத்து வைத்திருந்த விரிப்பு, நாலு மூலையும் கச்சிதமாகப் பிடித்தது. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இவர் கொஞ்ச நேரம் சின்ன அறையில், கால் நீட்டினால் இஸ்திரிப் பலகையில் இடிக்கும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சாயங்கால வகுப்புக்கு நேரமாகிவிட்டது. சட்டை அலமாரியில் இருக்கிறது, அலமாரி பெரிய அறையில் இருக்கிறது. எழுந்து நேராகப் போய்க் கதவில் கையை வைத்துத் தள்ளப் போனார்.

“தட்டுங்க” என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த வீட்டில் மாஸ்டர் படுத்திருக்கிற இடத்துக்குள் யாரும் தட்டிவிட்டுப் போனதில்லை. இஸ்திரிப்பெட்டி எடுக்கப் போவோம், பெட்டியைத் திறக்கப் போவோம், விளக்கைப் போடுவோம், அவர் புரண்டு சுவரோரம் ஒதுங்கிக்கொள்வார். இவருக்கு இப்போது கை தயங்கியது. தட்டினார். உள்ளே சத்தமில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினார்.

“யாரு?” என்றது தூக்கம் கலையாத குரல்.

“நான்தான்க்கா. சட்டை எடுக்கணும். உள்ள வரலாமா?”

“அப்புறமா வா” என்றார் மாஸ்டர்.

இவர் முந்தின நாள் சட்டையோடு வகுப்புக்குப் போனார்.