ஜன்னலோரக் கணினி

கனடாவுக்குப் போன தம்பி விட்டுச்சென்ற பழைய கேமிங் கணினியில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனோடு இணையத்தில் கார்ப் பந்தயம் விளையாடுவேன். வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட் கரையோர ரயில் பாதையையும் கடலையும் பார்த்தது; கணினி ஜன்னலோரம் இருந்தது. "ஜன்னலைத் திறந்து விடுங்கோ அக்கா, மைக்கில ட்ரெயின் சத்தம் கேக்கட்டும்" என்பான்.

என் கார் எப்போதும் திக்கித் திக்கியே வரும். அவனைக் காக்கவைக்க மனமில்லாமல், ஒரு வீடியோவைப் பார்த்து புரொசெசரின் வேகத்தைக் கூட்டினேன். அடுத்த பந்தயத்தில் முதன்முறையாக அவனுக்குப் பக்கத்திலேயே ஓடினேன். அப்போது கருகல் வாடை வந்து திரை அணைந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினேன். புரொசெசரின் மேலிருந்த விசிறி, கடலுப்புப் பூத்து இறுகிக் கிடந்தது. நல்லவேளை, விசிறி மட்டும்தான் போயிற்று.

போனில் சொன்னதும், "அப்ப ஜன்னலைச் சாத்தி வையுங்கோ" என்றான்.

இப்போது நான் வேகத்தைக் கூட்டுவதில்லை. புது விசிறியோடு கணினி உள்ளறையில் இருக்கிறது. மைக்கை மட்டும் நீளமான வயர் போட்டு ஜன்னலடியில் வைத்திருக்கிறேன். நான் கத்தினால்தான் அவனுக்குக் கேட்கும். ரயில் வரும்போது இருவருமே காரை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்போம்.