மூத்தவளுக்கு ஒரு நகல்

நான் குமாஸ்தாவாக இருந்த தாலுகா கச்சேரி சேலம் ஜில்லாவில் இருந்தது. எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். இதில் வருகிறவர்களின் பிள்ளைகள் அந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். என் தவற்றைச் சொல்வதற்கு ஊர்ப் பெயர் தேவையும் இல்லை.

எனக்கு ரிக்கார்டு அறையில் வேலை. கிராமங்களிலிருந்து வருகிற பதிவுப் புத்தகங்களை வருஷவாரியாகக் கட்டி, சீட்டு ஒட்டி, அலமாரியில் அடுக்கவேண்டும். யாராவது நகல் கேட்டு மனுப் போட்டால் தேடி எடுத்துப் பிரதி எழுதிக் கொடுக்கவேண்டும். அந்த அறையில் தூசியும் கரையானும்தான் எனக்குக் கூட்டாளிகள். அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைத்தும் கரையான் சுவர் வழியாக வந்துவிடும். சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனால் என் நகலில் ஓர் எழுத்துப் பிசகு என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வம் எனக்குத் தலைக்கு மேல் இருந்தது. இருந்தது என்று இப்போது சொல்கிறேன், அப்போது அதற்கு நேர்மை என்று பெயர் வைத்திருந்தேன்.

பிறப்புப் புத்தகமும் இறப்புப் புத்தகமும் வெவ்வேறு அலமாரியில் எதிரெதிர்ச் சுவரில் இருந்தன. பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயர் இராது. கிராமத்து மணியக்காரர் எழுதும்போது பெயர் வைத்திருக்கமாட்டார்கள். ஊர், தேதி, ஆணா பெண்ணா, தகப்பன் பெயர், தாய் பெயர், அவ்வளவுதான். இறப்புப் பதிவில்தான் பெயர் ஏறும். அதாவது ஒரு குழந்தை செத்தால்தான் சர்க்காருக்கு அதன் பெயர் தெரியும். இதைப் பல வருஷம் கவனிக்காமலே அந்தப் புத்தகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பெண்ணுக்குப் பதினான்கு வயது நிறையாமல் கல்யாணம் செய்தால் தண்டனை என்று சட்டம் வந்த புதிது. அதற்கு முன்பு பெண் குழந்தையின் பிறப்புக்கு நகல் கேட்டு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்தபிறகு மாசி, பங்குனியில் கச்சேரி வாசலில் தகப்பன்மார் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஜெயிலுக்குப் பயந்து கடுதாசி கேட்டார்கள்.

அப்படித்தான் அந்தக் குடியானவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். நல்ல பணிவு.

"விஷக்காச்சலு வந்துச்சுங்களே சாமி, அதுக்கு ரண்டு வருசம் முந்திங்க. ஆடி மாசம். பொம்பளப் புள்ளைங்க" என்றார்.

அவர் சொன்னது பதினெட்டாம் வருஷம் ஊர் ஊராகச் சனத்தை வாரிக்கொண்டு போன காய்ச்சல். மனு சரியாக இருந்தது. ஸ்டாம்பு ஒட்டியிருந்தது. அரைமணி நேரத்தில் பதிவைக் கண்டுபிடித்துவிட்டேன். கணக்குப்படி அந்தப் பெண்ணுக்குப் பதினான்கு முடிந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் அவசரம் என்று கேட்டதால் அன்றைக்கே எழுதி, தாசில்தாரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். "உங்களுக்குப் புண்ணியமுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு மனசு குளிர்ந்து போயிற்று.

ஒரு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை, ஒரு அம்மாள் வந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ரிக்கார்டு அறை வாசற்படிக்கு வெளியே நின்றாள். எட்டு மைல் நடந்து வந்திருக்கிறாள் என்பது பிற்பாடுதான் தெரியும்.

"ஏனுங்க சாமி, எம் பெரிய புள்ள செத்ததுக்குக் கடுதாசி வேணுமுங்க."

"மனு எங்கம்மா?"

மனு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. வாசலில் மனு எழுதுகிறவரிடம் போகச் சொன்னேன். போய் எழுதி வாங்கிக்கொண்டு வந்தாள். அதில் அவள் புருஷன் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. போன வாரம் நான் நகல் கொடுத்த அதே பெயர், அதே ஊர்.

"போன வாரம் உங்க வீட்டுக்காரர்தானே வந்து பொண்ணு பிறந்ததுக்கு நகல் வாங்கிட்டுப் போனார்?"

"ஆமாங்க. நீங்க எழுதிக் குடுத்ததுதானுங்க. அது பெரியவ பொறந்ததுங்க. அவ விஷக்காச்சல்ல போயிட்டாளுங்க. இப்பக் கண்ணாலம் வெச்சிருக்கறது சின்னவளுக்குங்க. அவளுக்கு இன்னம் பன்னண்டு ஆவலீங்க. வார வியாழக்கெழமை முகூர்த்தமுங்க."

நான் மனுவைத் திருப்பிப் பார்த்தேன். அவளே சொன்னாள்.

"பனமரத்துப்பட்டிப் பக்கமுங்க மாப்பிள்ளை ஊடு. பயந்த சனங்க. கடுதாசியப் பாத்துட்டுத்தான் தட்டு மாத்துனாங்க. பெரியவ செத்த கடுதாசியக் காட்டுனா அவங்களே வேண்டாமுன்னு போயிருவாங்க. நாஞ் சொன்னா யாருங்க கேப்பாங்க? கடுதாசி சொன்னாக் கேப்பாங்க."

இவ்வளவு தெளிவாக அவள் சொன்னாள். ஒரு வார்த்தை கூட எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்குப் பட்டது அந்தச் சிறுமியின் வயது அல்ல. நான் எழுதிய நகலில் இவள் குறை சொல்கிறாள் என்றுதான் பட்டது. மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"நான் எழுதினதில் தப்பு ஒண்ணும் இல்லை. புத்தகத்தில் இருந்ததை எழுதினேன்" என்றேன்.

"தப்புன்னு சொல்லலீங்க சாமி. நெசந்தானுங்க அது. அவளுக்கு நெசமுங்க."

ஹெட் குமாஸ்தா பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கேட்டதற்கு மட்டும் நகல், அதற்குமேல் ஒரு வரி கூடாது என்பது அவர் எங்களுக்கு விதித்திருந்த சட்டம். குடும்ப வழக்கில் தலையைக் கொடுக்காதே என்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். எனக்கு அது சௌகரியமாகப் போயிற்று.

"வரிசைப்படிதான் வரும். அந்த வருஷத்துச் சாவுப் புத்தகம் மூணு இருக்கு. தேடணும். அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க" என்றேன்.

"வியாழக்கெழமை முகூர்த்தமுங்க."

"எல்லாருக்கும் அவசரம்தான்."

புருஷனுக்கு அன்றைக்கே எழுதிக் கொடுத்தவன் நான். இது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவள் அதை எடுத்துச் சொல்லவில்லை. ரசீதை வாங்கித் தலைப்பில் முடிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். நான் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது இல்லை.

சனிக்கிழமை போயிற்று. திங்கட்கிழமை ஒரு மிராசுதாரின் நில வழக்குக்காகப் பதினாறு பக்கம் நகல் எழுதினேன். செவ்வாய், புதன் ஜமாபந்திக்குக் கணக்குக் கட்டுகளை எடுத்து வைக்கும் வேலை. அவள் மனு என் மேஜை மேல் மசிக்கூட்டுக்குக் கீழேதான் இருந்தது. பார்க்கும்போதெல்லாம் அவள் சொன்ன "அவளுக்கு நெசமுங்க" என்பது காதில் விழுந்தது. எரிச்சலாக இருந்தது. மேலே இன்னொரு மனுவை வைத்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம்தான் அந்தப் புத்தகங்களை எடுத்தேன். முகூர்த்தம் முடிந்து பந்தியும் முடிந்திருக்கும். விஷக்காய்ச்சல் வருஷத்துப் புத்தகங்களைப் பிரிக்கவே ஒருவருக்கும் பிடிக்காது. மற்ற வருஷங்களுக்கு ஒரு புத்தகம் என்றால் அந்த வருஷத்துக்கு மூன்று. பாதி ஊர்களில் மணியக்காரரே படுத்துவிட்டதால் யார் யாரோ எழுதியிருந்தார்கள். ஒரே வீட்டில் நாலு பேர், ஒரே நாளில். ஊரும் மாதமும் அவள் மனுவில் சரியாகச் சொல்லியிருந்தாள். வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரத்தில் கிடைத்துவிட்டது. அவ்வளவுதான் ஆயிற்று. ஒரு வாரமாகத் தேடவேண்டும் தேடவேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்த தேடல் அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு நகல் எழுதினேன். என் எழுத்து அன்றைக்கும் அழகாகத்தான் வந்தது.

மறுநாள் அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வரவேண்டாம் என்றும் நினைத்தேன். கச்சேரி திறந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வந்து அதே வாசற்படிக்கு வெளியே நின்றாள். கையில் கல்யாண வீட்டு மஞ்சள் ஒட்டியிருந்தது.

"கல்யாணம்...?" என்றேன்.

"ஆயிருச்சுங்க."

நான் அவசரம் அவசரமாகப் பேசினேன். இப்போதும் கோர்ட்டில் பிராது கொடுக்கலாம், இந்த நகலே சாட்சி, நானே மனு எழுதித் தருகிறேன் என்றெல்லாம் சொன்னேன். போன வாரம் இதில் பாதி வேகம் எனக்கு இருந்திருக்கலாம்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "ஊட்டுக்காரர செயிலுக்கு அனுப்பிட்டு, அவ கழுத்துல ஏறுனத என்னங்க பண்றது? தாலிய அறுக்கச் சொல்லுவீங்களா?"

"அப்போ இந்த நகல் எதுக்கம்மா? எட்டு மைல் நடந்து வந்திருக்கீங்களே."

"படிச்சுக் காட்டுங்க சாமி."

படித்தேன். ஊர், தேதி, தகப்பன் பெயர். பெண். வயது இரண்டு. காய்ச்சல். பிறகு பெயர். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். அதைக் கேட்டதும் அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொருக்காப் படிங்க" என்றாள். படித்தேன். நான் எழுதிக் கொடுத்த ஆயிரக்கணக்கான நகல்களில் ஒன்றை இரண்டு தரம் படிக்கச் சொன்னது அவள் ஒருத்திதான்.

"அவ பொறந்தத எடுத்து இவளுக்குக் குடுத்துட்டாங்க. செத்ததாச்சும் அவளுக்கே இருக்கட்டுமுங்க" என்றாள்.

நகலை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது, அவள் வேப்பமரத்தைத் தாண்டியபிறகு. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். கச்சேரி குமாஸ்தா ஒரு குடியானவப் பெண்ணைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டால் சேவகன் என்ன நினைப்பான் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அதற்குள் ரோட்டுத் திருப்பத்தில் மறைந்துவிட்டாள்.

அன்று மத்தியானம் எதிர்ச்சுவர் அலமாரியைத் திறந்து, யாரும் கேட்காமலே ஒரு பிறப்புப் புத்தகத்தை எடுத்தேன். விஷக்காய்ச்சலுக்கு அடுத்த வருஷம். அதே ஊர், அதே தகப்பன், அதே தாய். பெண். பெயர்க்கட்டமே இல்லை. நான் விரலை மடக்கி எண்ணினேன். பதினொரு வயதும் ஐந்து மாதமும். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய அந்த அறையில் இருந்தேன். அந்தப் பக்கத்துக்கு நகல் கேட்டு ஒருவரும் வரவில்லை.